புகை யார் வீட்டுப் பக்கம் போகிறது?

வாசகர் கேள்வி, 3 ஜூன் 2025

மாசுபாட்டைப் பற்றிச் சமூகவியல்காரர்கள் எதற்காக ஆய்வு செய்கிறார்கள்? காற்றை அளக்கக் கருவி இருக்கிறது, நுரையீரலைப் பார்க்க மருத்துவர் இருக்கிறார். புகைக்குச் சாதி தெரியாது, வருமானம் தெரியாது. பணக்காரனும் அதே காற்றைத்தான் இழுக்கிறான். இதில் சமூகத்துக்கு என்ன வேலை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். (பாளையங்கோட்டைக்காரன்)

3 ஜூன், இரவு

அண்ணாச்சி, நீங்கள் சொல்வதை ஜெர்மானியச் சமூகவியலாளர் உல்ரிச் பெக் முன்பே சொல்லிவிட்டார். வறுமையில் மேல் கீழ் உண்டு, புகைமூட்டத்தில் எல்லோரும் சமம் என்ற பொருளில் 1992இல் அவர் எழுதியது இன்றுவரை அடிபடுகிறது. ஆகவே உங்களுக்குத் துணையாகப் பெரிய ஆளே நிற்கிறார்.

இருந்தாலும் எனக்கு நம் திருநெல்வேலியின் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்குதான் நினைவுக்கு வருகிறது. காற்றுக் காலத்தில் அங்கே தீப்பிடித்தால் அணைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நானும் பாளையங்கோட்டையில்தான் இருக்கிறேன். என் தெருவுக்கு அந்தப் புகை ஒரு நாளும் வந்ததில்லை. கிடங்கை ஒட்டிக் குடியிருப்பவர்கள் சன்னலை அடைத்துக்கொண்டு, ஆஸ்துமா உள்ள பிள்ளையை மாமா வீட்டுக்கு அனுப்புகிறார்கள். புகைக்குச் சாதியும் வருமானமும் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டலாம் என்று முடிவு செய்கிறவர்களுக்கு இரண்டும் நன்றாகத் தெரியும்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் 1979இல் ஒரு வழக்கு நடந்தது. கறுப்பின மக்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் குப்பைக் கிடங்கு வருவதை எதிர்த்து லிண்டா புல்லார்ட் என்ற வழக்கறிஞர் போட்ட வழக்கு. கணக்கு வேண்டும் என்று அவர் தம் கணவரிடம் கேட்டார். கணவர் ராபர்ட் புல்லார்ட் சமூகவியல் பேராசிரியர். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு எண்ணப் போனார். நகராட்சியின் ஐந்து குப்பைக் கிடங்குகளில் ஐந்தும், எட்டு எரியுலைகளில் ஆறும் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இருந்தன. நகரத்தின் மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்தான். எந்தக் காற்றுக் கருவியும் இதைச் சொல்லியிருக்காது. சமூகவியலுக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே, இதுதான் வேலை.

4 ஜூன்

நான் யார், எந்தத் தகுதியில் பேசுகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். தகுதி பெரிதாக ஒன்றும் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் முதுகலைச் சமூகவியல் படித்தேன். ஆய்வேட்டுக்காக முக்கூடலிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் வினாப்படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். பிறகு வேறு பிழைப்புக்குப் போய்விட்டேன். அந்த ஆய்வேடு இப்போது பரணில் கிடக்கிறது. கரையானுக்குச் சமூகவியலில் ஆர்வம் இருந்தால் இந்நேரம் முடித்திருக்கும்.

தலைப்பு, கிராமத்து வீடுகளில் எரிபொருள். என்ன எரிக்கிறீர்கள்? உடை விறகா, பருத்திமாரா, பனை மட்டையா, மண்ணெண்ணெயா? அடுக்களை தனியாக இருக்கிறதா? சன்னல் உண்டா, இல்லையா? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அடுப்பு எரிகிறது? பதில் சொல்ல வேண்டியவர் குடும்பத் தலைவர்.

கடைசி வரியில்தான் கோளாறு. குடும்பத் தலைவர் திண்ணையில் உட்கார்ந்தபடி பதில் சொல்வார். ஒரு வீட்டில் அடுப்பு எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். "ஒரு மணி நேரம்" என்றார் அவர். உள்ளேயிருந்து ஊதுகுழல் சத்தம் நின்றது. "மூன்று" என்று ஒரு பெண்குரல் வந்தது. படிவத்தில் நான் எதை எழுதினேன் தெரியுமா? ஒன்று. விதி அப்படி. உள்ளேயிருந்து வந்த குரலுக்குப் படிவத்தில் இடம் கிடையாது.

அடுப்பு, விளக்கு இவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தப் புகைக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்திருப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளும். ஒரே கூரைதான். திண்ணைக்கு ஒரு காற்று, அடுக்களைக்கு வேறு காற்று.

சொல்ல மறந்துவிட்டேன், என் சித்தி வீடும் முக்கூடலில்தான். அங்கேயும் படிவம் நிரப்பினேன். சன்னல் "உண்டு" என்று குறி போட்டேன். இருந்தது உண்மை. ஆனால் என் சிறு வயதிலிருந்தே அந்தச் சன்னல் திறந்து நான் பார்த்ததில்லை. தெருக்காரர்கள் கண்ணுக்குப் பயந்து சித்தி சாத்தி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

5 ஜூன்

திருத்தம். பெக்கின் புத்தகம் 1986இல் ஜெர்மன் மொழியில் வந்தது, செர்னோபில் விபத்து நடந்த அதே ஆண்டில். 1992 என்பது ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த ஆண்டு. சுட்டிக்காட்டிய தூத்துக்குடி நண்பருக்கு நன்றி. தாமிரபரணிக்காரனுக்கு 1992 என்றால் அந்த நவம்பர் வெள்ளம்தான். மற்ற எல்லாவற்றையும் அந்த வருடத்தில் கொண்டுபோய்ச் செருகிவிடுகிறேன் போலிருக்கிறது.

இன்று உலகச் சுற்றுச்சூழல் நாள். எங்கள் தெருமுனையில் போன வருடம் தோண்டிய குழியிலேயே இந்த வருடமும் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். குழிக்கு நல்ல அனுபவம்.

9 ஜூன்

பாளையங்கோட்டை அண்ணாச்சி பின்வாங்கவில்லை. "அடுப்புப் புகையை விடுங்கள். கார்பன் வானத்துக்குப் போய் உலகம் முழுவதும் கலக்கிறது. முக்கூடல் புகை, நியூயார்க் புகை என்று அங்கே பிரித்துப் பார்க்க முடியுமா?" என்கிறார்.

வானத்தால் முடியாது. நம்மால் முடியும். டெல்லிச் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் இதையே கேட்டார்கள். வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் வரும் மீத்தேனையும் அமெரிக்கக் கார்கள் கக்கும் கரியமில வாயுவையும் ஒரே பேரேட்டில் எழுதினால் அது என்ன கணக்கு? ஒன்று வயிற்றுக்கு, மற்றது வசதிக்கு. இன்றைக்கு ஓர் அமெரிக்கரின் பங்கு வருடத்துக்குப் பதினான்கு டன்னுக்கு மேல். இந்தியருக்குச் சராசரி இரண்டு டன் சுமார்.

"இந்தியர்" என்ற சொல்லிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அதிலும் திண்ணை உண்டு, அடுக்களை உண்டு. என் வீட்டுக் கணக்கையே போட்டுப் பார்த்தேன். ஒரு சமையல் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. முழுவதும் எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமில வாயு. எங்கள் இருவருக்கும் ஒரு சிலிண்டர் இரண்டு மாதம் வருகிறது. 2019 கோடையில் ஏசி வாங்கினேன். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் பத்து யூனிட். இந்திய மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. ஒரு இரவுக்கு 7 கிலோ, ஒரு மாதத்துக்கு 210 கிலோ. அதாவது நான் ஒரு மாதம் குளிராகத் தூங்குவதற்கு ஐந்து சிலிண்டர். வீட்டில் பத்து மாதம் சோறு பொங்குவதற்கும் அதே ஐந்து சிலிண்டர்.

இதை மனைவியிடம் காட்டினேன். "கணக்கு சரி, ரிமோட் எங்கே?" என்றாள்.

11 ஜூன்

துபாயிலிருந்து எழுதும் தம்பிக்குக் கோபம். வெயிலில் வேலை பார்த்து ஊருக்குப் பணம் அனுப்புகிறவனைக் கார்பன் குற்றவாளி ஆக்குகிறீர்களா என்கிறார். இல்லை தம்பி. என் மகனும் அங்கேதான் இருக்கிறான். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போய்த் திரும்ப ஒரு ஆளுக்கு 400 கிலோவுக்குக் குறையாது. அவன் வருகிறான் என்றால் அந்த 400 கிலோவைப் பற்றி நான் நினைப்பதே இல்லை. யாராவது நினைவுபடுத்தினால் கோபம்தான் வரும், உங்களுக்கு வந்தது போல.

18 ஜூன்

காற்று ஆரம்பித்துவிட்டது. நேற்று கயத்தாறு வழியாக வந்தேன். நம் மாவட்டத்தின் அந்தப் பகுதியில் ஒரு காற்றாலை சும்மா நிற்கவில்லை, எல்லாம் சுற்றுகின்றன. மேற்கு மலையில் செங்கோட்டைப் பக்கம் ஒரு வாசல், ஆரல்வாய்மொழியில் ஒரு வாசல். தென்மேற்குக் காற்று அந்த இரண்டு வழியாகத்தான் பீறிட்டுக்கொண்டு நம் பக்கம் வருகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. புகை இல்லாத மின்சாரம் என்று பெருமைப்படலாம், நானும் படுகிறேன்.

ஆனால் பெரிய பங்கு காற்றாலைகள் நூற்பாலைக்காரர்களுக்குச் சொந்தம். பணகுடிப் பக்கம் அடிக்கிற காற்று கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து ஆலைகளின் மின் கணக்கில் வரவாகிறது. கிடை போட்டு ஆடு மேய்த்த ஒருவர் இப்போது அதே நிலத்தில் காற்றாலைக்குக் காவலாளி. அவரிடம் பேசினேன். சம்பளம் பரவாயில்லை, வெயிலில் அலைச்சல் இல்லை என்றார். ஆடுகளை விற்றதில் வருத்தமா என்று கேட்டேன். "ஆடாக இருந்தால் குட்டி போடும், இது போடாது" என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கூடங்குளத்தை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்பீர்கள். கார்பன் கணக்கில் அது சுத்தமான பிள்ளை. ஆயிரம் ஆயிரம் மெகாவாட்டாக இரண்டு உலைகள் ஓடுகின்றன. இடிந்தகரை மக்கள் 2011இல் பந்தலில் உட்கார்ந்தபோது கார்பனைப் பற்றி யாரும் பேசவில்லை. கடல் எங்களுடையது, எங்களைக் கேட்டீர்களா என்றுதான் கேட்டார்கள். ஆபத்து எத்தனை சதவீதம் என்பது பொறியாளரின் கேள்வி. அந்தச் சதவீதத்தை யார் தலையில் வைப்பது, வைக்கும் முன் அவரிடம் சொன்னோமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் இரண்டாவது தானே அடங்கிவிடும் என்று நினைத்ததுதான் அங்கே நடந்த தவறு என்று எனக்குப் படுகிறது. உலையை ஆதரிக்கிறவர்களும் இதை ஒப்புக்கொள்ளலாம்.

20 ஜூன்

மறுபடியும் திருத்தம், மறுபடியும் அதே தூத்துக்குடி நண்பர். கயத்தாறு "நம் மாவட்டம்" இல்லையாம், 1986இலேயே தூத்துக்குடிக்குப் போய்விட்டதாம். சரிதான். தென்காசியும் 2019இல் தனியாகப் போய்விட்டது. என் தலைக்குள் இருக்கும் நெல்லைச் சீமை இன்னும் கோவில்பட்டியிலிருந்து குற்றாலம் வரை நீள்கிறது. அந்த வரைபடத்தை இனி மாற்ற முடியாது.

அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். "உங்களுக்குப் புகை ஆராய்ச்சி. எங்கள் ஊரில் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டுப் பதின்மூன்று பேர் செத்தார்கள். சமூகவியல் அங்கிருந்து தொடங்கட்டும்." இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் எழுதியதை அப்படியே இங்கே வைக்கிறேன்.

2 ஜூலை

"வெள்ளம் எல்லோருக்கும் பொதுதானே? 2023 டிசம்பரில் கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் வந்ததே" என்கிறார் பாளையங்கோட்டை அண்ணாச்சி. நல்ல அடி. இரண்டு நாள் யோசித்தேன்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். ஒரு வருடத்து மழை ஒரே நாளில். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏழு சதவீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். அந்த ஒரு மழைக்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் சுமை கூடிக்கொண்டிருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய்ச் சுமார் எண்ணூறு பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் மூடியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வெள்ளத்தை அளக்கும் கோல் அந்தக் கோயில்தான், எது வரை முங்கியது என்று சொன்னால் போதும்.

வெள்ளம் கைலாசபுரத்துக்கும் வந்தது, அதிகாரிகள் வளாகத்துக்கும் வந்தது. வந்ததில் வேற்றுமை இல்லை. வடிந்த பிறகுதான் பிரிந்தது. மாடி இருந்தவர்கள் மேலே போனார்கள். என் நண்பருக்குக் காப்பீட்டில் காருக்குப் பணம் வந்தது. அவர் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்குத் தையல் மெஷினும் ரேஷன் அட்டையும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் போயின. சான்றிதழுக்கு மறு நகல் வாங்க அவர் எத்தனை நாள் கூலியை விட்டிருப்பார்? அரசு கொடுத்த நிவாரணப் பணத்தையும் சொல்லத்தான் வேண்டும், அது கிடைத்தது, உதவியது. அலைந்த நாட்களுக்குக் கணக்கு எங்கேயும் இல்லை.

14 ஜூலை

முந்தைய குறிப்பின் தொடர்ச்சி. சரியாக முப்பது வருடத்துக்கு முன், 1995 ஜூலையில், சிகாகோ நகரத்தில் வெப்ப அலை வந்து 739 பேர் இறந்தார்கள். எரிக் கிளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் யார் செத்தார்கள், எங்கே செத்தார்கள் என்று தேடிப் போனார். அடுத்தடுத்த இரண்டு பகுதிகள், இரண்டிலும் ஏழைகள், இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள். ஒன்றில் சாவு மிக அதிகம், மற்றதில் குறைவு. குறைவாக இருந்த இடத்தில் கடைத்தெரு கலகலப்பாக இருந்தது. கிழவர்கள் வெளியே நடமாடினார்கள், வராவிட்டால் யாராவது ஏன் என்று கேட்டார்கள். மற்ற இடத்தில் கடைகள் மூடிக் கிடந்தன, பயத்தில் கதவும் சன்னலும் மூடிக் கிடந்தன.

இதைப் படித்துவிட்டு என் தெருவை எண்ணினேன். பதினொரு வீடுகளில் ஆறில் அறுபது தாண்டியவர்கள் மட்டும். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், வளைகுடாவில், எங்கள் வீடும் சேர்த்துத்தான். எல்லா வீட்டிலும் ஏசி, ஆகவே எல்லாச் சன்னலும் சாத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லை என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது. (காய்ச்சல். இப்போது நன்றாக இருக்கிறார்.) பழைய ஓட்டு வீட்டில் வெக்கை தாங்காமல் எல்லோரும் தெருவில் கட்டிலைப் போட்டுப் படுத்த காலத்தில் ஒரு ஆள் இருமினால் நான்கு வீட்டுக்குத் தெரியும். அதற்காக அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக நான் தயாரில்லை. கொசு ஒரு காரணம்.

15 ஜூலை

வசதியானவர் ஏசியை விட மாட்டார், விடாமலே தத்துவம் பேசுவார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம்.

24 ஜூலை

இன்று ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் போகிறது. நான் பாபநாசம் படித்துறை வரை போய்த் திரும்பினேன். தர்ப்பணம், முழுக்கு, பிறகு உடுத்திய துணியை ஆற்றிலேயே விடுவது. பாவம் துணியோடு போகிறதாம். போகவில்லை, பத்தடி தள்ளிப் பாறையில் சுற்றிக்கொண்டு நிற்கிறது. அவ்வப்போது ஆட்களை இறக்கி டன் கணக்கில் சேலையும் வேட்டியும் அள்ளுகிறார்கள். நம் பாவத்தை அள்ளிக் கரையேற்ற ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார், அவருக்கு நாள் கூலி.

மாசு என்றால் என்ன என்று மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் ஒரு விளக்கம் கொடுத்தார். தன் இடத்தில் இல்லாத பொருள்தான் அழுக்கு. செருப்பு வாசலில் இருந்தால் செருப்பு, சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் இருந்தால் அசிங்கம். நமக்கு இது புதிதா? தீட்டு என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனை தலைமுறை வாழ்ந்திருக்கிறோம். எந்த மனிதர் எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்று பார்த்துப் பார்த்துப் பிரித்த ஊர், சாக்கடையை எந்தப் படித்துறையிலும் இறங்க விட்டது. என் ஆச்சி ஆற்றில் குளித்து ஈரச் சேலையோடு யாரும் தொடாமல் வீடு வந்து சேருவாள். "ஓடுகிற தண்ணீருக்குத் தீட்டு ஏது?" என்பாள். தீட்டு இல்லை ஆச்சி, கிருமி இருக்கிறது. தீட்டுக்கு ஒரு கண்ணும் மாசுக்கு ஒரு கண்ணும் என்று நமக்கு இரண்டு தனித்தனிக் கண். ஒன்று திறந்திருந்தால் மற்றது மூடிக்கொள்கிறது.

28 ஜூலை

கேன் தண்ணீர் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர். தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் சேரும் வற்றாத ஆறு நம்முடையது. அதன் கரையில் உட்கார்ந்துகொண்டு இருபது லிட்டர் கேன் வாங்குகிறோம். நானும் வாங்குகிறேன். ஆண்ட்ரூ சாஸ் என்ற சமூகவியலாளர் இதைத் தலைகீழ்த் தனிமைப்படுத்தல் என்கிறார். முன்பு நோயாளியை ஊருக்கு வெளியே ஒதுக்கினார்கள், இப்போது ஊரே நோயாளி, வசதி உள்ளவன் தன்னை ஒதுக்கிக்கொள்கிறான். கேன் வந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தால் யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை. பத்து வருடத்துக்கு முன் குழாயில் புழு வந்தபோது உரிய அலுவலகத்துக்கு ஐந்து முறை நடந்தேன், கத்தினேன். கேன் வாங்கத் தொடங்கிய பிறகு ஒரு முறைகூடப் போனதில்லை. புகார் கொடுக்கத் தெரிந்தவன் விலகிக்கொண்டால் குழாயை நம்பி இருப்பவர்களுக்கு யார் கத்துவது?

பாளையங்கோட்டை அண்ணாச்சி இதற்கு ஒரே வரி எழுதியிருக்கிறார்: "எங்கள் வீட்டிலும் கேன்தான்." அவர் சமாதானத்துக்கு வந்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

3 ஆகஸ்ட்

சின்னக் குறிப்பு. நம் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகின்றன. 2024 டிசம்பரில் அங்கிருந்து மருத்துவக் கழிவு லாரியில் வந்து நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் கொட்டப்பட்டது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு கேரள அரசே லாரி அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அந்த மாநிலத்தின் மீது கோபப்படுவது எளிது. கொட்டுவதற்கு வழிகாட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்ற பேச்சும் அப்போது அடிபட்டது. மலை போகிறது, ஊசி வருகிறது, இரண்டு பக்கமும் தரகுக்கு ஆள் இருக்கிறது.

9 ஆகஸ்ட்

மேலப்பாளையத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். இரண்டு மாதமாக நான் எழுதிய அத்தனையையும்விட அவருடைய ஆறு வரி கனம். சுருக்கிச் சொல்கிறேன்.

"உங்கள் சித்தி பீடி சுற்றுவார்களா? முக்கூடல் என்றால் சுற்றியிருப்பார்கள். அப்படியானால் சன்னல் சாத்தியிருந்தது தெருக்காரர்களுக்காக இல்லை. காற்று வந்தால் சுளகில் இருக்கும் தூள் பறக்கும். நனைத்து வைத்த இலை காய்ந்து முறியும். இலை குறைந்தால் நம் காசில் வாங்கி ஈடு கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் நான் சுற்றும்போது ஃபேனும் போடுவதில்லை."

சுற்றினாள். என் சித்தி, அம்மா, ஆச்சி எல்லோரும் சுற்றினார்கள். அந்தக் காசில்தான் நான் சமூகவியல் படித்தேன். மடியில் சுளகு, கையில் கத்தரி, இலையின் மேல் அளவுத் தகடு. இலையில் தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி... இத்தனையும் கண் முன்னே நடந்தது. படிவத்தில் "அடுக்களையில் சன்னல் உண்டா" என்று கேட்டு "உண்டு" என்று எழுதிவிட்டு வந்தேன். அடுப்புப் புகை என் தலைப்பு, புகையிலைத் தூள் என் தலைப்பு இல்லை. இரண்டும் ஒரே சின்ன வீட்டுக்குள், ஒரே பெண்ணின் மூக்கில் போய்ச் சேர்ந்தன.

சட்டம் பார்த்தேன். பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கு 1966இல் சட்டம் வந்தது. தொழிற்கூடத்தில் காற்றோட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வேலை வீட்டுக்குள் போய்விட்டது, காற்றோட்டம் தொழிற்கூடத்தோடு நின்றுவிட்டது. விறகை ஒழிக்க எரிவாயுத் திட்டங்கள் வந்தன, நல்லது, புகை குறைந்தது. சன்னல் சாத்தியபடியேதான் இருக்கிறது. காற்றை அளக்கும் கருவி எங்கோ ஒரு கட்டடத்தின் மாடியில். நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு வருடச் சராசரி 40 மைக்ரோகிராம் வரை போகலாம் என்பது நம் நாட்டு வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 5 என்கிறது. சித்தியின் மூக்குக்கும் சுளகுக்கும் நடுவே உள்ள ஒன்றரை அடியில் எவ்வளவு என்று எந்த எண்ணும் இல்லை.

முதல் நாள் கேள்விக்கு நான் ஹூஸ்டனிலிருந்து பதில் சொல்லத் தொடங்கினேன். முக்கூடலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அந்தச் சகோதரிக்கு நன்றி. சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன்.

17 ஆகஸ்ட்

நேற்றுப் போய்விட்டு வந்தேன். சித்திக்கு எழுபத்துநான்கு. பீடி சுற்றுவதை விட்டு ஆறு வருடம் ஆகிறது. அடுக்களையில் எரிவாயு அடுப்பு, பழைய விறகடுப்பு இருந்த மூலையில் குளிர்சாதனப் பெட்டி. பரணிலிருந்து தேடி எடுத்த ஆய்வேட்டைக் கொண்டுபோயிருந்தேன். கரையான் பின்னட்டையோடு நிறுத்திக்கொண்டுவிட்டது. அவள் வீட்டுப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். அடுப்பு எரியும் நேரம் இரண்டு மணி என்று சித்தப்பா சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "அவர் எப்போது அடுக்களைக்கு வந்தார்?"

அந்தச் சன்னல் இப்போதும் சாத்தியிருந்தது. நீ சுற்றுவதை விட்டுவிட்டாயே சித்தி, பிறகு ஏன் என்று கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் சுளகோடு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். சித்தி வீட்டுத் தரை குளிர்ச்சியாம், தனியாக இருக்கும் சித்திக்கும் பேச்சுத் துணையாம். இளையவளுக்கு முப்பது இருக்கும். அவள் மகன் மூலையில் வீட்டுப்பாடம் எழுதினான். யாரும் ஃபேன் சுவிட்சின் பக்கம் போகவில்லை.

அரை மணி நேரம் உட்கார்ந்தேன். மூக்கு அரித்தது. வரிசையாக நான்கு தும்மல். பெண்கள் தலை நிமிராமல் சிரித்தார்கள். விரல்கள் நிற்கவில்லை.

"சன்னலைத் திறக்கட்டுமா?" என்று சித்தி எழுந்தாள்.

இளையவளின் கை சுளகின் விளிம்பில் போய் நின்றது. வேண்டாம் என்றேன்.